சமத்து வெல்வெட், முரண்டு வெல்வெட்

அத்தியாயம் 9

மாமியார் மருமகளோடு பேசி ஆறு நாள் ஆகியிருந்தது.

பேச்சே இல்லை என்று சொல்ல முடியாது. தேவையானதை எல்லாம் பேசினார். மாமனார் வழியாகப் பேசினார்.

"பென்சில் எங்கன்னு கேளுங்க."

மாமனார் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, மாமியாருக்கு இரண்டடி தள்ளி நின்ற மருமகளைப் பார்த்தார். "பென்சில் எங்கம்மா?"

"அத்தை கொண்டையில செருகியிருக்காங்க மாமா."

"உன் கொண்டையிலதான் இருக்காம்."

மாமியார் கொண்டையைத் தொட்டுப் பார்த்தார். பென்சிலை உருவிக்கொண்டார். இருவரில் யாரையும் பார்க்கவில்லை.

வீட்டின் கீழ்த்தளம் முழுவதும் தையல் கூடம். நடுவில் வெட்டும் மேசை. ஒரு பக்கம் நான்கு தையல் மெஷின்கள். பின் ஜன்னலுக்குப் பக்கத்து மூலையில் மாமனாரின் இஸ்திரி. மாடியில் குடித்தனம். கீழே வந்த கோபத்தை மேலே போய் ஆற்றிக்கொள்ளலாம் என்றால் நடக்காது. அதுவும் கூடவே படியேறி வந்துவிடும்.

கோபம் தொடங்கியது போன வாரம் சாப்பிடும்போது. மருமகள் கல்யாணத்துக்கு முன் துணிகளைப் பரிசோதிக்கும் லேப் ஒன்றில் மூன்று வருடம் இருந்தவள். ஒரு நூலை எரித்து முகர்ந்து பார்த்தே பருத்தியா பாலியெஸ்டரா என்று சொல்லிவிடுவாள். இந்தக் கூடத்துக்கு வந்து ஏழு மாதத்தில் அவள் வாயைத் திறந்து சொன்ன யோசனை ஒன்றே ஒன்றுதான். வெட்டுகிற துண்டு ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி ஒட்டிவிட்டால், ஒன்றன்மேல் ஒன்றாக விரித்த துணியில் ஒரே அடுக்கில் வெட்டிய கையும் உடம்பும் ஒரே உடுப்பில் சேரும்.

"ஒரே ரோல், ஒரே சாயம். நம்பர் எதுக்கு? துணி என்ன பரீட்சையா எழுதப் போகுது?" என்றார் மாமியார்.

மருமகளுக்கு அந்த நகைச்சுவை நிஜமாகவே பிடித்திருந்தது. சிரித்துவிட்டாள். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று மாமியார் எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான். நடுவில் மாட்டிக்கொண்ட மகன் அன்றிலிருந்து வெளி வேலைகளைத் தேடித் தேடிச் செய்துகொண்டிருந்தான். இன்று நூல் வாங்கப் போயிருந்தான். நேற்றும் நூல் வாங்கத்தான் போனான்.

மாமியாரைக் கூடத்தில் எல்லாரும் 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக வெட்டுகிற கை. லினன் சுருங்கும் என்று முதல் நாளே நனைத்துப் போட்டுவிடுவார். ரேயான் வழுக்கும் என்று அடியில் காகிதம் விரித்து வெட்டுவார். பாப்ளின் அவருக்குப் பாய் விரிக்கிற மாதிரி. அவர் வெட்டிய துணி இதுவரை திரும்பி வந்ததில்லை.

இப்போது மேசையில் இருப்பது வெல்வெட். கத்தரிப்பூ நிறம். ஒரு பெரிய பாட்டுக் குழுவுக்கு நாற்பத்தெட்டு அங்கிகள். எல்லாமே தொளதொளவென்று ஒரே அளவு. ஞாயிற்றுக்கிழமை மேடை. முதல் பன்னிரண்டைப் பார்க்க இன்று நாலு மணிக்குப் பாட்டு டீச்சர் வருகிறார். பிடித்திருந்தால் அவர்களுடைய மற்ற கிளைகளுக்கும் சேர்த்து முந்நூறு அங்கி. பிடிக்காவிட்டால் இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு மூட்டை இந்த வாசலுக்குத் திரும்பி வரும்.

மணி பதினொன்று.

* * *

"அம்மா, கொஞ்சம் இங்க வாயேன்."

மாமனாரின் குரல் ரகசியமாக இருந்தது. அவருக்கு ரகசியக் குரல் கிடையாது. சாதாரணக் குரலையே கையால் மூடிக்கொண்டு பேசுவார்.

மருமகள் போனாள். இஸ்திரி மேசைக்கு அடியில் பழைய போர்வையால் எதையோ மூடி வைத்திருந்தார்.

"நான் ஒரு காரியம் பண்ணிட்டேன். உங்க அத்தைக்குத் தெரிஞ்சா என்னையும் இஸ்திரி போட்டு மடிச்சு வச்சுடுவா."

போர்வையை விலக்கினார். உள்ளே ஓர் அங்கி. வெளியே எடுத்து ஜன்னல் வெயிலில் பிடித்தார். உடம்பும் இடது கையும் ஆழமான கத்தரிப்பூ நிறத்தில் இருந்தன. வலது கை மட்டும் வெளிறி மினுமினுத்தது.

"கருக்கிட்டேன் போல இருக்கு. ஆனா சத்தியமா ஆவிதாம்மா காட்டினேன். பெட்டி துணி மேல படவே இல்ல."

"கருகினா கறுக்கும் மாமா. வெளுக்காது."

"அப்படியா?" அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. பிறகு மறுபடி வாடியது. "இது ஒண்ணு இல்லம்மா. ஒம்பது இருக்கு."

ஒன்பதையும் போர்வைக்கு அடியிலிருந்து எடுத்துக் கம்பியில் மாட்டினாள். பன்னிரண்டில் மூன்று மட்டும் ஒழுங்கு. மற்றதில் எல்லாம் ஏதாவது ஒரு கை ஒட்டாமல் தனியாகத் தெரிந்தது. சிலதில் இரண்டு கையுமே.

சாயம் வேறா? ஒரே ரோல். நூல் வேறா? ஒரே துணி. ஓர் அங்கியைக் கம்பியிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கை தவறி அது தலைகீழாகத் தொங்கியது.

வெளிறிய கை இருட்டியது. இருண்ட உடம்பு வெளிறியது.

மருமகள் அப்படியே நின்றாள். மறுபடி நேராகப் பிடித்தாள். மறுபடி மாறியது. விரலால் தோளிலிருந்து கீழ்நோக்கி வருடினாள். வெளிறிய கையில் விரல் வழுக்கிக்கொண்டு ஓடியது. உடம்பில் தடுக்கியது.

"மாமா, இது சாயம் இல்ல. வெல்வெட்டுல குட்டிக் குட்டியா முடி இருக்கு பாருங்க. வாரிவிட்ட தலை மாதிரி எல்லாம் ஒரே பக்கம் படுத்திருக்கு. கீழ்ப்பக்கம் படுத்திருந்தா வெளிச்சம் பட்டுத் திரும்பி வருது, வெளிறித் தெரியுது. மேல்பக்கம் படுத்திருந்தா உள்ளேயே போயிடுது. இருட்டாத் தெரியுது."

"சரி, இந்தக் கை மட்டும் ஏன் வேற பக்கம் படுத்திருக்கு?"

மருமகளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. வெட்டும் மேசையைத் திரும்பிப் பார்த்தாள்.

மாமியார் துணி விரிப்பது எப்படி என்று எல்லாருக்கும் தெரியும். மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இழுத்துப் போவார். அங்கே துணியை வெட்டாமல் அப்படியே மடித்து, திரும்பி இந்த முனைக்கு வருவார். போக ஓர் அடுக்கு, வர ஓர் அடுக்கு, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வெட்டு. பாப்ளினுக்கு அதுதான் சரி. ஒரு நடை மிச்சம். வெல்வெட்டில் போகும்போது முடி ஒரு பக்கம் படுக்கும். வரும்போது எதிர்ப்பக்கம்.

ஆக நாற்பத்தெட்டில் இருபத்திநாலு ஒரு திசை. இருபத்திநாலு மறுதிசை. உடம்புத் துண்டுகளை வரிசை கலையாமல் எடுத்துத் தைத்திருக்கிறார்கள். கைகள் மட்டும் தனி மூட்டை. அதிலிருந்து அகப்பட்டதை எடுத்துப் பொருத்தியாயிற்று. தைக்கும்போது துணி உள்பக்கம் வெளியே இருக்கும். ட்யூப்லைட் வெளிச்சம் வேறு. யார் கண்ணிலும் படவில்லை.

"மாமா, அத்தைகிட்ட சொல்லணும்."

"நீ சொல்லு."

"என்கிட்டதான் பேச்சு இல்லையே."

மாமனார் பெருமூச்சு விட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெட்டும் மேசையை நோக்கி நடந்தார். மருமகள் நான்கடி பின்னால் போனாள்.

"ஏய், இங்க பாரு. இந்தப் பொண்ணு சொல்லுது... வெல்வெட்டுக்குத் தலை வாரி விட்டிருக்காம். பாதிக்கு மேல வாரி, பாதிக்குக் கீழ வாரி..."

"காலையில டீ குடிச்சீங்களா இல்லையா?"

"அதில்ல, இது படுத்திருக்கு, அது எந்திரிச்சு நிக்குது..."

மருமகள் இடையில் புகுந்து அங்கியை மேசைமேல் போட்டாள். ஒரு கையைத் தடவிக் காட்டினாள். மறு கையைத் தடவிக் காட்டினாள்.

மாமியார் தன் உள்ளங்கையை வைத்தார். தோளிலிருந்து கீழே ஒரு தடவை. அடுத்த கையில் ஒரு தடவை. மூன்றாவது தடவை தேவைப்படவில்லை. மேசை முனைக்குத் திரும்பிப் பார்த்தார், தான் அங்கே நடந்து போய்த் திரும்பி வருவதைப் பார்க்கிற மாதிரி.

பிறகு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். கூடத்தில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நான்கு மெஷினும் நின்றன.

"எத்தனை?" என்றார்.

மாமனார் மருமகளைப் பார்த்து, "எத்தனைன்னு கே..." என்று ஆரம்பித்தார்.

"உங்களைக் கேக்கல. அவளைக் கேட்டேன்."

"பன்னெண்டுல ஒம்பது அத்தை. மீதி முப்பத்தாறு இன்னும் தைக்கல. துண்டாத்தான் இருக்கு. பிரிச்சு எடுத்துடலாம்."

"நாலு மணிக்குள்ள?"

"எல்லாரும் உக்காந்தா முடியும்."

மாமியார் எழுந்தார். "அப்ப ஏன் வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? மூட்டையை அவிழுங்க."

* * *

கண்ணால் பார்த்துப் பிரித்தால் நேரம் ஆனது. ஒவ்வொன்றையும் ஜன்னலுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. கையால் தடவினால் உடனே தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு தடவினால் இன்னும் சீக்கிரம் தெரிந்தது.

மெஷின்காரர்கள் நாலு பேர், மாமியார், மருமகள் என்று ஆறு பேர் தரையில் வட்டமாக உட்கார்ந்து, கண்ணை மூடி, வெல்வெட்டைத் தடவிக்கொண்டிருந்தார்கள். வாசலில் பார்சல் கொடுக்க வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ பிரார்த்தனை என்று நினைத்து, பார்சலை ஓசைப்படாமல் வைத்துவிட்டுப் போனார்.

துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷினை ஓட்டும் அம்மாவுக்கு 'ஓவர்லாக்' என்றே பெயராகிவிட்டது. வாயும் அதே வேகம் என்பதால் ஒட்டிக்கொண்டது. அவர்தான் இரண்டு குவியலுக்கும் பெயர் வைத்தார்.

"இது வழவழன்னு போகுது, சொன்ன பேச்சு கேக்குது. இது சமத்து. இது தடுக்குது. இது முரண்டு. எங்க வீட்டுக்காரர் மாதிரி."

"சமத்து."

"முரண்டு."

"முரண்டு... இல்ல இல்ல, நான்தான் துணியைத் தலைகீழா வச்சிருக்கேன். சமத்து."

"மாஸ்டர், உங்க வீட்டுக்காரர் எந்தக் குவியல்?"

"அவரா? ஆவி காட்டினா சமத்து," என்றார் மாமியார், கண்ணைத் திறக்காமல். மூலையில் மாமனாருக்குப் புரை ஏறியது.

தைத்த ஒன்பதிலும் ஒட்டாத கைகளைப் பிரித்து மாற்றி வைத்தார்கள். பிரித்த இடத்தில் முடி நசுங்கியிருந்தது. மாமனார் உள்பக்கமிருந்து ஆவி காட்டி, மென்மையான பிரஷ்ஷால் நீவி எழுப்பினார். காலையில் தொலைந்த மரியாதை அவருக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது. யாரும் மதியச் சாப்பாட்டுக்கு எழவில்லை.

குவியல் குறைந்துகொண்டு வந்தபோது, மாமியார் பக்கத்திலிருந்த மருமகளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"நான் இதுக்கு முன்னாடி வெல்வெட் வெட்டினதே இல்ல."

மருமகள் கண்ணைத் திறந்தாள்.

"யார்கிட்டயும் சொல்லல. மாஸ்டர்னு கூப்பிடறாங்க. எப்படிச் சொல்றது? நீ நம்பர் போடணும்னு சொன்னப்ப உனக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குன்னு நினைச்சேன். என்னைப் பிடிச்சுக் குடுக்கப் பாக்கறேன்னு நினைச்சேன்."

"எனக்கு ஒண்ணுமே தெரியாது அத்தை. லேப்ல குப்பைத் தொட்டிக்குக் கூட நம்பர் ஒட்டுவாங்க. அந்தப் பழக்கம். வெல்வெட் படுக்கும்னு இன்னைக்குப் பதினொரு மணிக்குத்தான் எனக்கே தெரியும்."

"அப்ப எதுக்குச் சிரிச்சே?"

"துணி பரீட்சை எழுதுமான்னு கேட்டீங்களே. அதுக்கு."

மாமியார் குனிந்துகொண்டார். கையிலிருந்த துண்டைத் தடவினார்.

"நல்லாத்தான் சொல்லியிருக்கேன்," என்றார். "முரண்டு."

* * *

மூன்றே முக்காலுக்குப் பன்னிரண்டும் கம்பியில் தொங்கின. ஒவ்வோர் அங்கியும் உச்சி முதல் அடி வரை ஒரே நிறம். ஆனால் ஆறு அடர்த்தி. ஆறு வெளிர்.

"இது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல மாஸ்டர்," என்றார் ஓவர்லாக். "முரண்டு ஆறையும் முன்னாடி மாட்டுவோம். சமத்து ஆறையும் உள்ளே வைப்போம். டீச்சர் பாத்துட்டுப் போகட்டும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமைக்கு."

மாமனாருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. ஜன்னல் கதவைச் சாத்தப் போனார். மருமகள் மாமியாரைப் பார்த்தாள்.

"மேடை விளக்குல தெரிஞ்சுடும் அத்தை."

"தெரியும்," என்றார் மாமியார். தெரிந்துவிடும் என்கிறாரா, எனக்கே தெரியும் என்கிறாரா என்று புரியவில்லை. டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

டீச்சர் சரியாக நாலு மணிக்கு வந்தார். நெடுநெடுவென்று உயரம். வாசலில் குனிந்துதான் நுழைந்தார். குரல் மட்டும் சின்னது. பாடுகிறவர் என்றால் நம்ப முடியாது.

பன்னிரண்டும் கம்பியில்தான் இருந்தன. மாமியார் எதையும் எடுத்து உள்ளே வைக்கச் சொல்லவில்லை. ஆனால் ஜன்னல் மூடியிருந்தது. ட்யூப்லைட் எரிந்தது.

டீச்சர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். தையலை இழுத்துப் பார்த்தார். கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்தார்.

"அருமையா இருக்கு. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

ஓவர்லாக் மூச்சை விட்டார். மாமனார் முகம் மலர்ந்து, "டீ சாப்பிடுங்க டீச்சர்," என்றார்.

மாமியாருக்கு ஏனோ அது பொறுக்கவில்லை.

"ஒரே மாதிரி இல்ல டீச்சர்."

மாமனார் கண்ணைக் காட்டினார். புருவத்தைக் காட்டினார். கடைசியில் கையையே ஆட்டிக் காட்டினார். மாமியார் நேராக நடந்து போய் ஜன்னலைத் திறந்தார். சாயங்கால வெயில் கம்பி முழுக்க விழுந்தது.

"இங்க வந்து பாருங்க. இது ஆறும் ஒண்ணு. அது ஆறும் ஒண்ணு. சாயம் போகல. துணி கெட்டதில்ல. நான் விரிச்சது தப்பு. போகும்போது ஒரு திசை, வரும்போது ஒரு திசை. மொத்தமும் இருபத்திநாலு அப்படி, இருபத்திநாலு இப்படி."

ஆட்டிய கையை மாமனார் கீழே இறக்கினார்.

டீச்சர் கண்ணாடியை எடுத்து மாட்டினார். பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். மருமகள் ஓர் அங்கியை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினாள். நிறம் மாறியது. டீச்சர் அதை வாங்கித் தானே இரண்டு மூன்று தடவை தலைகீழாக்கினார், குழந்தை மாதிரி.

"வெட்டினது நீங்க. சரி. கண்டுபிடிச்சது யாரு?"

"இதோ, எங்க வீட்டுப் பொண்ணு," என்றார் மாமியார்.

மருமகள் என்று சொல்லவில்லை. மாமனார் இஸ்திரிப் பெட்டியைத் தேவையில்லாமல் துடைக்க ஆரம்பித்தார்.

டீச்சர் சட்டென்று வேலை வாங்கத் தொடங்கினார். மெஷின்காரர்கள் நாலு பேரையும் இரண்டு பக்கமாக நிறுத்தி, ஆளுக்கு மூன்று அங்கி கொடுத்தார். வெளிர் இடது பக்கம், அடர்த்தி வலது பக்கம். தான் பின்னோக்கி நடந்து, இஸ்திரி மேசையில் இடித்துக்கொண்டு நின்றார்.

"எங்க குழு ரெண்டு அணியா நிக்கும். ஒரு அணி கேள்வி பாடும். ஒரு அணி பதில் பாடும். யார் கேக்கறா யார் பதில் சொல்றான்னு ஜனங்களுக்குப் புரியறதே இல்ல. எல்லாம் ஒரே கும்பலாத் தெரியும்." தலையைச் சாய்த்துப் பார்த்தார். "அந்தப் பக்கம் இருபத்திநாலு, இந்தப் பக்கம் இருபத்திநாலு. இருக்கட்டும்."

"அப்ப முந்நூறு?" என்றார் மாமனார், அவசரமாக.

"அதுக்கு இப்ப வாக்கு குடுக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை விளக்குக்குக் கீழ பாத்துட்டுச் சொல்றேன். குடுத்தா, அது முழுக்க ஒரே திசையில வேணும்." மாமியாரைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "நீங்களா சொல்லாம அன்னைக்கு மேடையில நானாப் பாத்திருந்தா, இந்தத் தெருப் பக்கமே வந்திருக்க மாட்டேன்."

கிளம்பினவர் வாசலில் நின்றார்.

"இன்னொண்ணு. நான் கறுப்பு உடுப்புல வரலாம்னுதான் இருந்தேன். இப்ப இதைப் பாத்ததும் ஆசையா இருக்கு. நடுவுல நின்னு கை அசைக்கிறவ நான். ஜனங்க ரெண்டு மணி நேரமும் என் முதுகைத்தான் பாப்பாங்க. எனக்கும் ஒண்ணு கிடைக்குமா? சனிக்கிழமைக்குள்ள?"

"கிடைக்கும்," என்றார் மாமியார், யாரும் வாயைத் திறக்கும் முன்.

* * *

டீச்சரை வழியனுப்ப மாமனார் தெருமுனை வரை போனார். மெஷின்காரர்கள் சாப்பாட்டுப் பையைத் திறந்தார்கள்.

மாமியார் மீதி ரோலைத் தூக்கி மேசைமேல் போட்டார். மருமகள் அடுத்த முனையைப் பிடித்துக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை. விரித்தார்கள். போக மட்டும். திரும்பி வரவில்லை.

மாமியார் உள்ளங்கையால் ஒருமுறை வருடி, துணியைப் புரட்டி, பின்பக்கத்தில் பெரிதாக ஓர் அம்புக்குறி போட்டார். சாக்பீஸை மருமகளிடம் நீட்டினார்.

"நம்பர் போடு."

"ஒரே ஒரு அங்கிதானே அத்தை?"

"ஒண்ணுன்னு போடு."

மருமகள் சிரித்தாள். இந்தத் தடவை மாமியாரும் சிரித்தார்.

பிறகு மருமகள் டேப்பை எடுத்து அளந்தாள். நாற்பத்தெட்டு பேருக்கும் போட்ட அளவுக்கே துணி ஒரு சாண் குறைந்தது. மறுமுனையிலிருந்து அளந்து பார்த்தாள். அப்போதும் குறைந்தது. வாசலில் குனிந்து நுழைந்த அந்த உயரம் நினைவுக்கு வந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மாமியாரும் டேப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே தெருவில் மாமனாரின் குரல் கேட்டது. எதிர்க்கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "எல்லாம் முடிஞ்சுது! டீச்சருக்கே ஒரு அங்கி வேணுமாம்! நம்ம கைராசி அப்படி!"

மாமியார் மேசைக்குக் குறுக்கே குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"முதல்ல போய் அந்தக் கதவைச் சாத்திட்டு வா. நாம ரெண்டு பேரும் யோசிப்போம்."